பட்டன் போனுக்குள் இருந்த குரல்

பிள்ளைகளே, முன்பு என்னிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. படம் எடுக்கும், பாட்டுப் போடும், குரலையும் பதியும். புதுப் போன் வாங்கியதும் அதை விற்றேன். மெமரி கார்ட்டைக் கழற்றினால் எல்லாம் அதோடு வந்துவிடும் என்பது என் நினைப்பு.

வாங்கியவர் குருநகர் மீனவர். "ஈரக் கையாலை தேய்ச்சா உந்தப் புதுப் போனுகள் கேக்காது அண்ணை. எங்களுக்குப் பட்டன்தான் சரி" என்று சிரித்தார்.

மறுநாளே புத்தூரில் எங்கள் வீட்டு வாசற்படலையடியில் வந்து நின்றார். போன் பழுதாகிவிட்டதாக்கும் என்று பயந்தேன்.

"அண்ணை, இதுக்குள்ளை ஒரு அம்மா கதைக்கிறா. தெரிஞ்சோ வித்தனீங்கள்?"

பட்டனை அழுத்தினார்.

"உந்தப் போனை வைச்சிட்டு வாங்கோப்பா, புட்டு ஆறுது!"

காலமான என் மனைவியின் குரல். போன் வாங்கிய புதிதில் விளையாட்டாகப் பதிந்து, பிறகு நானே மறந்துபோனது. அது கார்ட்டில் அல்ல, போனிலேயே இருந்திருக்கிறது.

மகள் ஓடி வந்தாள். தாய் போனபோது அவள் கைக்குழந்தை.

"இது ஆற்றை குரல் அப்பா?"

"உன்ரை அம்மாடை, பிள்ளை."

அவள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். புளூடூத்தில் அந்தக் குரல் என் புதுப் போனுக்கு வரும்வரை மீனவர் பொறுமையாக இருந்தார். பிறகு மகளிடம், "இனி இதிலை அழிக்கட்டோ பிள்ளை?" என்றார்.

"வேண்டாம் மாமா, அதிலையும் இருக்கட்டும்."

"ஓம், இருக்கட்டும்" என்று போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அழிக்க ஒரு பட்டன் போதும். அதை அழுத்தாமல் பஸ் ஏறி வந்த மனிதரால்தான் என் மகளுக்குத் தாயின் குரல் தெரியும்.