அண்ணன் கட்டிய பொட்டலங்கள்

எங்கள் அண்ணன் இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி அண்ணன் மகன் கேட்டான். "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க அத்தை" என்றான். நல்லதை மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள்; முன் பக்கங்களில் படித்திருப்பீர்கள். நான் நடந்ததை எழுதுகிறேன். முகம் சுளிப்பவர்கள் தாராளமாகச் சுளிக்கலாம். பந்தியில் எல்லோருக்கும் சாப்பாடு உண்டு.

அண்ணன் கீழ்பென்னாத்தூரில், நெல்லும் மல்லாட்டைக் கடலையும் பயிரிட்ட விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். நான் கடைசி. எங்களுக்குள் பதினைந்து வயது வித்தியாசம். நான் பிறந்த வருடமே அம்மா போய்விட்டார். எனக்கு நான்கு வயதானபோது அப்பாவும் போனார். அண்ணன் அப்போது பாலிடெக்னிக்கில் முதல் வருடம். காரியம் முடிந்த மறுநாளே படிப்பை நிறுத்திவிட்டு ஏரைப் பிடித்தார். பிறகு அண்ணியைக் கைப்பிடித்து, அடி அண்ணாமலையில் மலை சுற்றும் பாதையோரம் ஒரு சோடாக் கடையும் இரண்டு கறவை மாடுகளுமாகக் குடியேறினார். பௌர்ணமிக்கு நடந்து வருகிறவர்களுக்குக் கடை வாசலில் குடம் குடமாகத் தண்ணீர் வைப்பார், காசு வாங்கமாட்டார். எனக்குத் தலை பின்னிவிட்டவர், பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் கொண்டுபோய் விட்டவர், எல்லாம் அவர்தான். "அண்ணன் இல்லன்னா நீ இல்ல" என்று நீங்கள் எல்லோரும் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். உண்மைதான். அதையே சொல்லிச் சொல்லி என் வாயை அடைத்தீர்கள் என்பதும் உண்மைதான்.

அண்ணனுக்கு இன்னொரு பெயரும் உண்டு. சாமியைக் கேட்காமல் எதையும் செய்யமாட்டார் என்று. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் பிள்ளையார் முன்னால் வைத்து ஒன்றை எடுக்கச் சொல்வார். வந்த நிறம்தான் முடிவு. எடுக்காத பொட்டலத்தைப் பிரித்தால் சாமி குத்தம் என்பது அவர் போட்ட சட்டம். போர் போடும் இடம், பெண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளை, பையனுக்கு வந்த வேலை என்று உறவில் பாதிப் பேர் அவரிடம் வந்து பொட்டலம் கட்டச் சொல்லியிருக்கிறீர்கள்.

எனக்கும் கட்டினார். நான் பிளஸ் டூ முடித்த வருடம் அது. நுழைவுத் தேர்வு எழுதி, கால்நடை மருத்துவம் படிக்கக் கலந்தாய்வுக்கு வரச்சொல்லி மெட்ராஸிலிருந்து கடிதம் வந்துவிட்டது. எங்கள் வீட்டு மாடுகளுக்கு என்ன நோய் என்று டாக்டர் வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிற பெண் நான். வேறு எதையும் படிக்க நினைத்ததே இல்லை. அண்ணனோ உள்ளூரில் பி.காம் என்று முடிவு செய்திருந்தார்.

"பொம்பளப் புள்ள மாட்டுக்குள்ள கைய வுட்டுட்டு நின்னா எவன் கட்டுவான்?"

"கட்டலைன்னா போறான்."

"அஞ்சு வருஷம் ஹாஸ்டல். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?"

"அவர் போய்ப் பதிமூணு வருஷம் ஆச்சு. கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

மூன்று நாள் நான் சாப்பிடவில்லை. நாலாம் நாள் காலை, கலந்தாய்வுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, அண்ணன் இறங்கி வந்தார். "நீ சொல்றதும் வேணாம் பாப்பா, நான் சொல்றதும் வேணாம். சாமிய கேட்டுடலாம். நீயே எடு. அப்புறம் யாரையும் கொறை சொல்லக் கூடாது" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். சாமி என் பக்கம்தான் என்று உறுதியாக இருந்தேன். பதினேழு வயதில் மனுஷி முட்டாளாக இருக்கலாம், தப்பில்லை.

வெள்ளை நந்தியாவட்டை வந்தால் பி.காம், செவ்வரளி வந்தால் மாட்டு டாக்டர். தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளில் அண்ணனே மடித்தார். பிள்ளையார் கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். பிரித்தேன். வெள்ளை.

அழுதேன். ஆனால் அடம் பிடிக்கவில்லை. நானே எடுத்ததாயிற்றே. கலந்தாய்வு நாளன்று வீட்டில் படுத்துக் கிடந்தேன். மெட்ராஸ் பஸ் கடையைத் தாண்டிப் போகாது, ஆனாலும் ஒவ்வொரு ஹாரனுக்கும் எழுந்து உட்கார்ந்தேன்.

பூ எடுத்த அன்று பௌர்ணமி. கடை திறக்கும் அவசரத்தில் அண்ணன் இன்னொரு பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறந்துவிட்டார். சட்டை ஆணியிலேயே தொங்கியது. பத்து நாள் கழித்துத் துவைக்க எடுத்த அண்ணி, பையில் கை விட்டுப் பார்த்தார். வந்து என் கையில் வைத்தார். வாடிப் பழுப்பேறியிருந்தாலும் அந்த இதழைத் தெரியாதா? நந்தியாவட்டை. இரண்டிலும் நந்தியாவட்டை.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். பார்த்தார். குழம்பு ஊற்றச் சொல்லி அண்ணியிடம் கையைக் காட்டினார். பிறகு சொன்னார்:

"எத எடுத்திருந்தாலும் ஒனக்கு நல்லதுதான வந்திருக்கும்?"

அவ்வளவுதான் அவர் தந்த விளக்கம். அதன் பிறகு, யாராவது என் படிப்பைப் பற்றிக் கேட்டால், "நாங்க எதுவும் சொல்லலைங்க, அவளே எடுத்ததுதான்" என்று என் முன்னாலேயே சொல்வார். பூவை மாற்றியதைக்கூட ஒரு நாள் பொறுத்திருப்பேன். இந்த வாக்கியத்தை இருபத்தைந்து வருடமாகக் கேட்டேன்.

பி.காம் படித்தேன். பால் சங்கத்தில் எழுத்தர் வேலை. பாலின் கொழுப்பு அளவை எழுதுகிறேன், முகாமுக்கு வரும் கால்நடை டாக்டருக்கு நாற்காலி போடுகிறேன். ஒரு நாள் மத்தியானம் அண்ணன் வீட்டுப் பசுவுக்குக் கன்று தலை திரும்பி மாட்டிக்கொண்டது. டாக்டர் செங்கத்தில் இருந்தார். நான் வாளித் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே விட்டு, திருப்பி, இழுத்துப் போட்டேன். தாயும் கன்றும் பிழைத்தன. கூடி நின்றவர்களிடம் அண்ணன் பெருமையாகச் சொன்னார்: "எங்க பாப்பா டாக்டர் மாதிரி." அன்றைக்கு அந்த வாளியைத் தூக்கி அவர் மேல் அடித்திருக்க வேண்டும். அடிக்காததற்கு இன்றுவரை வருத்தப்படுகிறேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் கடைசி இருபது நாள் நானும் அண்ணியும் மாற்றி மாற்றி இருந்தோம். ஒரு காலை அவராகவே கேட்டார்.

"அந்தப் பூவ இன்னும் வெச்சிருக்கியா பாப்பா?"

"இருக்குண்ணா."

"தூக்கிப் போட்டுடு."

"தப்புனு ஒரு தடவ சொல்லுங்க, போட்டுடறேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். அமைதியாகக் கண் மூடினார் என்று இந்த மலரில் இன்னொருவர் எழுதியிருக்கிறார். இருக்கலாம்.

இதோடு முடித்திருப்பேன். முடிக்க விடாமல் ஒன்று நடந்தது, அதையும் எழுதாவிட்டால் நானும் பொட்டலம் கட்டியவள் ஆவேன்.

என் மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். கால்நடை மருத்துவத்துக்குத் தேவையான மதிப்பெண்ணுக்கு மேலேயே வாங்கியிருக்கிறாள். விண்ணப்பத்தை நானே நிரப்பி வைத்தேன். அவளோ ஆசிரமம் பக்கம் ஒரு கஃபேயில் லீவில் வேலைக்குப் போய் ரொட்டி சுடக் கற்றுக்கொண்டு வந்து, கேட்டரிங் படிக்கப் போகிறேன் என்கிறாள்.

"அடுப்பங்கரைக்கா ஒன்னைய படிக்க வெச்சேன்?"

"எனக்கு மாட்டு வாடையே ஆகாதும்மா. ஒனக்கு வேணும்னா நீ போய் படி."

ஒரு வாரம் கத்தினோம். நான் சொன்ன எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. கடைசியில் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "சரி, சாமிய கேட்டுடலாம்." அவளும் சம்மதித்தாள். அண்ணன் வீட்டில் உட்கார்ந்து நாட்காட்டித் தாளைக் கிழித்து மடித்தேன். முதல் பொட்டலத்தில் செவ்வரளி வைத்தேன். இரண்டாவதற்குத் தட்டில் நந்தியாவட்டை இருந்தது. என் கை செவ்வரளியைத்தான் எடுத்தது. தெரிந்தேதான் எடுத்தேன்.

பின்னால் அண்ணி நின்றிருந்தார். குனிந்து இரண்டையும் எடுத்துப் பிரித்துப் பார்த்தார்.

"ஒங்க அண்ணன் போய்ட்டாருனு இல்ல நெனச்சிட்டு இருந்தேன்" என்றார்.

இந்த வயதுவரை யாரும் என்னை அப்படி அறைந்ததில்லை. மகளைக் கூப்பிட்டு இரண்டையும் காட்டினேன். "ரெண்டுமே செவப்பா இருக்கு?" என்றாள். "ஆமா." "செவப்பு எதுக்கு?" "மாட்டுக்கு." அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். பதினோரு நாள் என்னிடம் பேசவில்லை. கேட்டரிங்கில் சேர்ந்துவிட்டாள். இப்போதும் பாதிதான் பேசுகிறாள். அது அவளுடைய உரிமை.

நானும் அதையே செய்யப் போனேன் என்பதால் அண்ணன் செய்தது சரியென்று ஆகிவிடாது. மனம் மாறிவிட்டேன், மன்னித்துவிட்டேன் என்று யாரும் பேசிக்கொள்ள வேண்டாம். அவருக்குப் பயம் இருந்தது என்பது இப்போது எனக்குப் புரிகிறது. எனக்கும் இருந்தது. பயந்தவர் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். பிள்ளையாரை எதற்குப் பொய் சொல்ல வைத்தார்?

அண்ணனின் கடைசி நாட்களில் ரத்தம் கொடுத்தவர்களுக்கும், வேலூருக்குச் சோறு கொண்டுவந்தவர்களுக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இதை அச்சுக்கு அனுப்பும் முன் அண்ணன் மகன் தயங்கியபோது, "ஒரு எழுத்தும் மாத்தாத" என்று சொன்ன அண்ணிக்கு என் தனிப்பட்ட நன்றி. அண்ணன் கையால் பொட்டலம் வாங்கி வாழ்க்கையை முடிவு செய்த உறவினர்களுக்கு ஒன்று: உங்களுடையதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. என்னிடம் கேட்காதீர்கள்.

நினைவு நாளுக்கு வருகிறவர்கள் அண்ணன் படத்துக்குப் பூ கொண்டு வருவீர்கள். வெள்ளையோ சிவப்போ, எது கிடைக்கிறதோ கொண்டு வாருங்கள். தாளில் மடித்து மட்டும் கொண்டு வர வேண்டாம்.