அக்காவின் நாற்காலிக்கு ஸ்பாஞ்சு

என் அத்தானைக் கடைத்தெருவில் ஆணிவாயர் என்பார்கள். பழங்காலச் சாப்பாட்டு நாற்காலிகளுக்குப் புதிதாக இருக்கை கட்டுவது அவர் தொழில். ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்க வேண்டும், மறுகை சுத்தியலுக்கு. ஆக, ஆணிகளுக்கு வாய்தான் இடம். உதட்டோரம் ஒவ்வொன்றாக வரும் ஆணியைச் சுத்தியல் முனையில் உள்ள காந்தம் கவ்விக்கொள்ளும். வாய் நிறைய ஆணியோடு யாரும் பேச முடியாது. அதனால் பதில் சொல்லப் பிடிக்காத கேள்வி வந்தாலும் மனிதர் ஒரு பிடி ஆணியை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். கல்யாணமான புதிதிலேயே என் அக்கா இதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

நான் அதே பட்டறையில் மரவேலை பார்க்கிறேன். ஆடும் கால்களை இறுக்கி, விரிந்த சட்டத்தை ஒட்டி அவரிடம் தள்ளுவேன். அவர் அடியில் பட்டை நாடா பின்னி, அதன்மேல் சாக்குத்துணி விரித்து, குதிரைமுடியைத் திணித்து, நீள ஊசியால் ஓரம் தைத்து, கடைசியில் மேல்துணி போர்த்துவார். யாராவது ஸ்பாஞ்சு போதுமே என்றால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

"முடி போட்டா ஒரு ஆயுசுக்கு வரும். ஸ்பாஞ்சு ரெண்டே வருஷத்துல படுத்துடும். நாளை எண்ணிக்கிட்டு இருக்கிற நாற்காலிக்குத்தான் ஸ்பாஞ்சு போடணும்," என்பார். கேட்டுக் கேட்டு அக்காவுக்கு இது மனப்பாடம். அவர் குரலிலேயே சொல்லிக் காட்டி எங்களைச் சிரிக்க வைப்பாள்.

அந்த அக்காவுக்குத்தான் வயிற்றில் கட்டி வந்தது. டாக்டர் அத்தானையும் என்னையும் மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இனி மாதக்கணக்குதான் என்றார். அவளிடம் மூச்சு விடக்கூடாது என்று அத்தான் என்னிடம் சத்தியம் வாங்கினார். அவள் கேட்டபோதெல்லாம், வெறும் வயிற்றுப்புண்தான், ஆறினால் சரியாகிவிடும் என்றார். மேற்கொண்டு துருவினால் வாயில் ஆணி. வீட்டில் சுத்தியலுக்கு ஏது வேலை? இதற்கென்றே சட்டைப்பையில் ஆணியைப் போட்டுக்கொண்டு அலைந்தார்.

படுக்கையிலேயே சாப்பிட அக்காவுக்குப் பிடிக்கவில்லை. மேசையில் எங்களோடு உட்கார வேண்டும் என்றாள். இருந்ததோ பிளாஸ்டிக் நாற்காலிகள். ஊருக்கெல்லாம் இருக்கை கட்டியவர் வீட்டு லட்சணம் அது. பட்டறையில் யாரும் திரும்பக் கேட்டு வராத தேக்கு நாற்காலி ஒன்று கிடந்தது. அத்தான் அதை எடுத்து, மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அவளுக்காகச் செய்தார். முடியை இறுக்கித் திணித்தார். புது இருக்கை மேடாகத்தான் இருக்க வேண்டும், உட்கார உட்கார வருஷக்கணக்கில் அமுங்கி உடம்புக்குப் பழகும். டாக்டர் சொன்னதைக் காதால் கேட்ட மனிதர், கைப்பழக்கத்தில் அவளுக்கும் அப்படியே செய்துவைத்தார்.

மகாராணி மாதிரி இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே அக்கா உட்கார்ந்தாள். அவள் உடம்பில் சதை ஏது? சாப்பிட்டு முடிப்பதற்குள் இப்படியும் அப்படியும் நெளிவாள். ஒருநாள் அவளைத் தூக்கிவிட்டபோது உடுப்பின் பின்பக்கம் ரத்தக்கறை. மேடான இருக்கை எலும்பில் உறுத்திப் புண்ணாக்கியிருந்தது. அவர் ஆசையாகச் செய்தது, சொல்லிவிடாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாயடைப்பதில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. நான் நேரே பட்டறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

அத்தான் பாதி முடியை உருவிப் பார்த்தார். இப்போது அடியிலிருந்த நாடா உறுத்தியது. ஸ்பாஞ்சு போடுங்கள் என்றேன்.

"போட்டா அவளுக்குத் தெரிஞ்சுடும்டா."

"தெரியட்டும். புண்ணோட உக்காந்து சாப்பிடுறா, அத்தான்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் கை ஆணி டப்பாவைத் தேடியது. அதை எடுத்துத் தூர வைத்தேன். வேலைமேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதார். அப்புறம் எழுந்து போய், வாழ்நாளில் முதல்முறையாக ஸ்பாஞ்சு வாங்கி வந்தார். அளவாக அறுத்து வைத்து, அதே மேல்துணியை முன்போலவே போர்த்தினார். பார்த்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அன்றைக்குச் சாப்பாட்டுக்கு அக்கா அதில் உட்கார்ந்தாள். உடம்பு மெத்தென்று உள்ளே இறங்கியது. அவள் முகத்தை விட்டு வலி போவதைப் பார்த்தேன். அடுத்து வந்ததையும் பார்த்தேன். இருக்கையின் ஓரத்தை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். எதிரே, சாப்பாட்டுத் தட்டின் முன்னால், அத்தான் வாய் நிறைய ஆணியோடு உட்கார்ந்திருந்தார்.

அக்கா உள்ளங்கையை அவர் வாய்க்குக் கீழே நீட்டினாள்.

"துப்புங்க."

ஒவ்வொன்றாகத் துப்பினார்.

"எத்தனை மாசம்னு சொன்னாங்க?"

சொன்னார். அவள் ஆணிகளை மேசையோரம் வைத்தாள்.

"இதை முதல்லயே போட்டிருக்கலாம்ல. எவ்வளவு சுகமா இருக்கு," என்றாள். பிறகு சாப்பிடத் தொடங்கினாள்.

டாக்டர் சொன்ன கெடு வரைக்கும்கூட அவள் இருக்கவில்லை. அத்தான் இப்போதும் பட்டறைக்கு வருகிறார். யாராவது ஸ்பாஞ்சு கேட்டால் வாயைத் திறக்காமல் போட்டுக் கொடுக்கிறார். அக்காவின் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை, அது மேசையடியிலேயே இருக்கிறது. போன வாரம் அதன்மேல் கை வைத்து அழுத்திப் பார்த்தேன். ரெண்டே வருஷத்தில் படுத்துவிடும் என்று அவர் திட்டித் தீர்த்த ஸ்பாஞ்சு, கையை எடுத்ததும் புதுசு போல மேலே வந்தது.