பகலில் தூங்குகிறவர் வீடு

போன செவ்வாய்க்கிழமை, நல்ல பகல். பாயில் தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடினார்.

"ஏட்டி... யாரு வீட்டுல துட்டி?"

"யாரும் சாகல, துட்டியும் இல்ல. உள்ள வந்து படுங்க!"

"பொறவு ஏன் தெருவே மூச்சு விடாம கெடக்கு?"

அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். திக்குத் திக்கென்று அடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அமைதியை உண்டாக்கியவளே நான்தானே!

முதலிலிருந்து சொல்கிறேன். அவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறார். ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், மறு வாரம் பாதி ராத்திரி வரை அரை நைட், அதற்கடுத்து முழு நைட்... காலையில் வந்து அவர் கண்ணை மூடும்போது ஊர் கண்ணைத் திறந்திருக்கும். அதுவும் எங்கள் ஊர்! மார்கழியில் தூங்குகிறவர்களை எழுப்புவதையே பக்தியாக வைத்திருக்கிற ஊர்.

போன மாதம் தலை சுற்றுகிறது என்றார். டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். பிரஷர் எகிறியிருந்தது. மாத்திரை எழுதிவிட்டு, "எப்பத் தூங்குறீங்க?" என்று கேட்டார்.

"கெடைக்கும்போது தூங்கிக்கிடுவேன். லீவு நாள்ல மொத்தமா சேத்துத் தூங்கிருவேன்" என்றார் இவர். அதில் ஒரு பெருமை வேறு!

"உடம்புக்குள்ளயும் ஒரு கடிகாரம் இருக்கு. அது நைட்டுக்குப் பழகுறதுக்குள்ள நீங்க ஷிஃப்ட் மாறிடுறீங்க. தூக்கம் பத்தாத உடம்பு, கரண்டி விழுந்தாக்கூட புலி வந்த மாதிரி பதறும். தினம் இப்படிப் பதறினா இருதயம் என்னத்துக்கு ஆகும்? ஒரே ஷிஃப்டா கேட்டு வாங்குங்க."

கேட்பாரா? "நான் கேட்டா, எம் பங்கு நைட்ட எவன் பாப்பான்?" என்று முடித்துவிட்டார்.

சரி, பகல் தூக்கத்தையாவது காப்பாற்றுவோம் என்று நான் இறங்கினேன். குக்கருக்கு ஓய்வு. ரேடியோவுக்கு வாய்ப்பூட்டு. என் தையல் மெஷினுக்கு உறை. கொய்யாப்பழக்கார மாரியம்மா எங்கள் வீட்டைத் தாண்டிய பிறகுதான் கூவினாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கொலுசைக்கூடக் கழற்றி வைத்தார்கள். இப்படி ஒரு தெரு யாருக்குக் கிடைக்கும்?

அந்த அமைதிதான் அவரைத் துட்டி விசாரிக்க ஓட வைத்தது! மில் இரைச்சலிலேயே பழகிய காது. சத்தம் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் — மெஷின் நின்றுவிட்டது, ஃபிட்டரைத் தேடுகிறார்கள்.

இனி எங்கே தூங்கப் போகிறார், வேலையையாவது பார்ப்போம் என்று உறையைக் கழற்றினேன். பாக்கியிருந்த ஜாக்கெட்டை எடுத்துக் கடகடவென்று மிதித்தேன். செத்த நேரம் கழித்துத் திரும்பினால்... மனுஷர் குறட்டை விடுகிறார்! வாசலில் யாரோ சைக்கிள் பெல்லை அடித்துக்கொண்டு போனார்கள். இவர் அசையவில்லை. அன்றிலிருந்து அவர் படுத்ததும் நான் மெஷினில் உட்கார்ந்துவிடுகிறேன்.

நேற்று மறுபடி பிரஷர் பார்த்தோம். இறங்கியிருக்கிறது. "கொஞ்சம்தான். ஷிஃப்ட் என்னாச்சு?" என்றார் டாக்டரம்மா, விடாமல்.

இவர் என் பக்கம் திரும்பினார். "கேக்கேன், டாக்டரம்மா. இவளும் எம்புட்டு நாளைக்குத்தான் மிதிப்பா? காலு நோவும்லா."

தன் நெஞ்சுக்காக வாயைத் திறக்காத மனுஷர், என் காலுக்காகக் கேட்கப் போகிறாராம்! இவரை என்ன செய்வது, சொல்லுங்கள்? கேட்கட்டும். அதுவரை மிதிக்கிறேன்.

தைக்கத் துணியும் தீர்ந்துவிட்டது, நூலும் தீர்ந்துவிட்டது, இப்போது வெறும் மெஷினைத்தான் ஓட்டுகிறேன்... அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்!