கட்டிலுக்கு அடியில் இன்னொரு வண்டி

லிஃப்ட்காரரால் ஓர் இடத்தில் சும்மா உட்கார முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் ஆடுகிறதா என்று பார்ப்பார். ஆடாவிட்டால் ஆட்டிப் பார்ப்பார். பகலெல்லாம் அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. எட்டாவது மாடியில் தேய்கிற கப்பியைக் கீழே நின்றபடியே காதால் கண்டுபிடித்துவிடுவார். அந்தக் காது வீட்டுக்கு வந்தாலும் ஓயாது.

வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. அதற்குள் சிவப்பாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் எலி குடியிருந்த கோலத்தில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து மாற்றிக்கொண்டே இருக்கிறார். கார்புரேட்டர், சைலன்சர், ஸ்பிரிங், ஸ்டீயரிங். ஒன்றைப் புதுசாக்கினால் அதற்குப் பக்கத்தில் இருப்பது பழசாகத் தெரியும். "கையோடு கையா இதையும் பார்த்துடலாம்" என்பார். அந்தக் கையோடு கை முடிய ஆறு மாசம் ஆகும். வண்டி ஓடின நாளைவிட நான்கு முட்டுக்கட்டை மேல் நின்ற நாள்தான் அதிகம்.

கழற்றியதை எறியவும் மனசு வராது. துடைத்து, எண்ணெய் பூசி, பழந்துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். அங்கே போன எதுவும் திரும்பி வந்ததில்லை. "கீழே இன்னொரு வண்டி படுத்திருக்கு. என்னைக்காவது நம்மளையும் கட்டிலோட தூக்கிட்டு ஓடப் போகுது" என்பாள் மனைவி.

மகளுக்கு வெகு தூரத்தில் வேலை கிடைத்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ரயில். பன்னிரண்டு வயதிலிருந்து அவள் அந்த வண்டியைப் பார்க்கிறாள். ஒரு தடவைகூட ஏறினதில்லை.

"ஸ்டேஷனுக்கு நம்ம வண்டியில கொண்டு போய் விடுங்கப்பா" என்றாள்.

"விடாம? வாசல்ல நிறுத்தி ஹாரன் அடிக்கிறேன் பாரு."

"ஹாரன் இருக்கா, அதுவும் கட்டிலுக்கு அடியிலயா?"

மனைவி சிரிக்கவில்லை. "இப்ப ஓடுதுல்ல? அவ போற வரைக்கும் அதுல கை வைக்காதீங்க."

"வைக்கல."

"என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

பார்த்துத்தான் சொன்னார். புதன்கிழமை வரை தாங்கினார். அன்று மாலை தெருவை ஒரு சுற்றுச் சுற்றியபோது பிரேக் பெடல் ஒரு நூல் அளவு கூடுதலாக இறங்கியது போல இருந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. முன்சக்கரத்துக்கென்று வாங்கின பெரிய பிரேக் டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரும் ஒரு மாசமாகக் கொட்டகையில் பெட்டியோடு கிடந்தன. மகள் ஏறப்போகிற வண்டி அல்லவா, பிரேக் நன்றாக இருக்க வேண்டாமா? மனசு இப்படித்தான் வக்காலத்து வாங்கும். வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பிரித்தார்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் எல்லாம் பூட்டியாயிற்று. கடைசியாகச் சக்கரத்தைத் தூக்கி மாட்டினார். உள்ளே போகவில்லை. திருப்பி மாட்டினார். காலால் உதைத்தும் பார்த்தார். புதுக் காலிப்பரின் வயிறு, ரிம்மின் கம்பிகளில் இடித்துக்கொண்டு நின்றது. வாங்குவதற்கு முன் மூன்று தடவை அளந்தவர்தான். அளந்தது எல்லாம் உயரத்தை. வயிறு எவ்வளவு தள்ளிக்கொண்டு நிற்கும் என்று பார்க்கவே இல்லை.

தெருமுனை டயர்க்கடைக்காரர் இவருடைய பழைய சிநேகிதர். வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஏன் மச்சான், என் தொப்பையைத் தினமும் பார்த்துட்டுத்தானே போறே? முன்னால தள்ளிட்டு நிக்கிறதை அளக்கணும்னு தோணலையா?"

"வழி சொல்லுடா. அப்புறம் நக்கல் பண்ணு."

டயர்க்கடைக்காரர் கடைக்குப் போய் இரண்டு இரும்பு வளையம் எடுத்து வந்தார். ஒன்றைச் சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் கொடுத்ததும் சக்கரம் சற்று வெளியே தள்ளி, இடிக்காமல் உட்கார்ந்தது. ஆனால் தள்ளி நின்றதில் போல்ட்டின் நீளம் போதாமல், நட்டு மூன்று சுற்றுதான் ஏறியது.

"போதும் மச்சான். ஸ்டேஷன் வரைக்கும்தானே? மெதுவாப் போ."

லிஃப்ட்காரர் அந்த நட்டை விரலால் திருகினார். மூன்று சுற்று. எடுத்தார். மறுபடி திருகினார். மூன்றே சுற்று. இருபத்தாறு வருஷமாக முன்பின் தெரியாத ஜனங்களைக் கம்பியில் தொங்கவிடுகிற தொழில். ஒரு நாளும் மூன்று சுற்று மரையை நம்பி ஒருத்தரையும் ஏற்றினதில்லை.

"வேணாம். கழட்டு."

"அப்ப என் வேன்ல கூட்டிட்டுப் போறேன், விடு. பெட்டியெல்லாம் எப்படியும் அதுலதானே வருது?"

லிஃப்ட்காரர் கொட்டகைக்குள் அங்கும் இங்கும் நடந்தார். ஸ்பேனரை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். வாசல்படியில் மகள் நின்றுகொண்டிருந்தாள். "பரவாயில்லப்பா" என்றாள். பதினோரு வருஷமாக அவள் சொல்கிற அதே பரவாயில்லை.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து தரையில் இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. மனைவி பழந்துணி மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து அவர் காலடியில் போட்டாள். நேற்றுக் கழற்றின பழைய டிஸ்க், பழைய காலிப்பர்.

"இதுல சக்கரம் ஏறும்ல?"

"ஏறும்."

"அப்ப மாட்டுங்க. புது பிரேக்கு எங்கயும் ஓடிடாது. ஓடினா நிறுத்தத்தான் தெரியாது."

பழசைத் திரும்ப மாட்டுவதா? அவருக்கு நாக்கில் கசப்புத் தட்டியது. ஆனாலும் மாட்டினார்.

விடிந்ததும் பிரேக் எண்ணெய்க் குழாயில் புகுந்த காற்றை எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். மிதிப்பது எப்போதும் மனைவிதான். இரவு உடுப்போடு வந்து உட்கார்ந்தாள்.

"மிதி."

மிதித்தாள்.

"பிடி. பிடிச்சுக்கோ. விடு."

"உங்க பொண்ணுக்கு வெச்ச சாப்பாடு ஆறுது."

"மிதி."

"மிதிச்சுட்டுத்தான் இருக்கேன், பதினோரு வருஷமா."

எண்ணெயில் குமிழி வருவது நின்றது. பெடல் கல் மாதிரி இருந்தது. அந்த ஒரு நூல் இறக்கம், காற்றை எடுத்ததிலேயே காணாமல் போயிருந்தது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பது மணிக்கு வாசலில் ஹாரன் அடித்தார். மகள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். பெட்டிகளும் மனைவியும் டயர்க்கடைக்காரரின் வேனில் பின்னால் வந்தார்கள்.

இரண்டாவது திருப்பத்தில் 'டிக்' என்றது. அடுத்த திருப்பத்திலும் டிக். ஓரம்கட்டிப் பார்க்கச் சொல்லி உடம்பெல்லாம் அரித்தது. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தார்.

"அப்பா, இடது பக்கம் டிக் டிக்னுதே."

"உனக்கும் கேக்குதா?"

"உங்க காதுதானே எனக்கும்."

"கேக்காத மாதிரி இரு. நானும் அப்படித்தான் இருக்கேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஸ்டேஷன் வரும்வரை ஒவ்வொரு டிக்குக்கும் சிரித்தாள்.

ரயில் நகர்ந்ததும் மூன்று பேரும் வெளியே வந்தார்கள். மனைவி வந்தபடியே வேன் பக்கம் நடந்தாள்.

"இந்தப் பக்கம் வா. ஒரு சத்தம் வருது, கேட்டுச் சொல்லு" என்றார் லிஃப்ட்காரர்.

"போங்க தங்கச்சி. மிதிச்ச மிதிக்கு இன்னைக்குத்தான் சம்பளம்" என்றார் டயர்க்கடைக்காரர்.

அவள் குனிந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு, மகள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள். அந்த இடத்தில் அவளுக்கும் அதுதான் முதல் தடவை.

முதல் திருப்பம். சத்தம் இல்லை. இரண்டாவது, மூன்றாவது. இல்லவே இல்லை. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. திருப்பத்துக்குத் திருப்பம் கதவில் தட்டினது மகளுடைய கைப்பையின் இரும்புக் கொக்கி. அது ரயிலில் போய்விட்டது. சத்தம் எதுவும் இல்லாத வண்டியை எப்படி ஓட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. வேண்டுமென்றே இன்னொரு தெருவுக்குள் திருப்பினார்.

"வீடு அந்தப் பக்கம்."

"தெரியும். ஏதாவது கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கல."

"நல்லாக் கேளு."

முனையில் சிக்னல் சிவப்பானது. அவர் பிரேக்கை மிதித்தார். தற்செயலாகப் பக்கத்தில் பார்த்தார். அங்கே பெடல் எதுவும் கிடையாது. ஆனாலும் அவளுடைய வலது கால் தரையை அழுத்தி மிதித்து, விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.