சாவி ஏறாத சீர்க் கடிகாரம்

பின்மூடியைத் திறந்து பார்க்காமல் எந்த நாட்டைப் பற்றியும் கருத்துச் சொல்வதில்லை என்பது பிரிக்பீல்ட்ஸ் கார்த்திகேசுவின் கொள்கை. லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். கைக்கடிகாரம் அவர் தாமாகவே கற்றுத் தேர்ந்த பித்து. சுவிஸ்காரன் யாரும் பார்க்காத விளிம்பையும் மெருகேற்றுவான். ஜெர்மன்காரன் எந்திரத்தின் பெரும்பகுதியை ஒரே அகலத் தகட்டால் மூடி, ‘உனக்கெதற்கு?’ என்பான்; ஜப்பான்காரனோ பல சக்கரங்கள் செய்யும் வேலையை ஒரு சிறு நெம்புகோலிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். மூவரில் அவர் மனம் மூன்றாமவனிடம்.

ஆகவே மகள் மலர்விழியின் நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளை தனேஷுக்கு ஜப்பான் கடிகாரம் வைத்தார். கை அசைந்தால் போதும். உள்ளிருக்கும் அரைவட்டத் தகடு சுழன்று, அது தானே முறுக்கேற்றிக்கொள்ளும்.

கிள்ளானில் சம்பந்தி பாலன் வீட்டு வழக்கம் வேறு. சீர்ப்பொருளைச் சாமி மேடையில் வைத்துவிட்டால், தாலி கட்டும் நாள்வரை மாப்பிள்ளை தொடக்கூடாது. அசைவற்ற கடிகாரம் நின்றது. தம் ஜெர்மன் கடிகாரத்துக்குக் காலைதோறும் சாவி கொடுத்துப் பழகிய பாலன், இதன் பக்கவாட்டுத் திருகையும் திருகு திருகென்று திருகினார். அந்த ரகத்தில் திருகு முள்ளை நகர்த்த மட்டுமே. ‘பாசார் மாலாம் சரக்கு’, இரவுச் சந்தையில் வாங்கிய மலிவுப் போலி என்று ரவாங் வரையிலான உறவுக்கெல்லாம் செய்தி பறந்தது.

சபையில் போன பெயர் சபையிலேயே திரும்ப வேண்டும். பாலன் வீட்டில் உறவினர் கூடிய ஞாயிற்றுக்கிழமை, ரசீதும் உத்தரவாத அட்டையும் அடுக்கிய கோப்போடு கார்த்திகேசு போய் இறங்கினார்.

“ரசீது யாரு வேணும்னாலும் அடிக்கலாம்லா, சம்பந்தி,” என்றார் பாலன். “நானே திருகிப் பாத்துட்டேன். செத்த மெஷின்.”

கார்த்திகேசு கோப்பை மூடினார்.

“சரி. மாப்பிள்ளைதானே தொடக்கூடாது? நீங்க கட்டுங்க. செத்ததை எல்லாரும் பாக்கட்டும்.”

பாலன் வீறாப்பாகக் கட்டிக்கொண்டார்.

“இப்ப சொல்லுங்க. அந்த ஜெர்மன் மெஷின்ல அப்படி என்னதான் இருக்கு? சுவிஸ்காரனைப் பாத்துச் செஞ்சதுதானே?”

அவ்வளவுதான். கையில்லாமல் பேசத் தெரியாதவர் பாலன். தகட்டின் கனத்தை விரித்துக் காட்டினார். சுவிஸ்காரனைக் காற்றிலேயே வெட்டினார். ஜப்பான்காரனை வாசல்வரை விரட்டினார். அடங்கும்போதெல்லாம், “அப்படியா?” என்று கார்த்திகேசு எண்ணெய் வார்த்தார்.

“என்னங்க,” என்றார் பாலனின் மனைவி வள்ளியம்மா. “உங்க கையில முள்ளு ஓடுது!”

வீடே குனிந்து பார்த்தது.

“எப்படி லா இது?” என்றார் பாலன்.

“கை ஆடுனாத்தான் முறுக்கேறும், சம்பந்தி. சாமி மேடையில அதுக்கு யாரு கையாட்டுவா?”

ரவாங்கிலிருந்து வந்திருந்த தனேஷின் சித்தப்பாதான் முதலில் சிரித்தார். பிறகு கூடமே குலுங்கியது. பாலன் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, “நல்ல மெஷின்தான். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்,” என்றார். ஆனால் கழற்றவில்லை. “கல்யாணம் வரைக்கும் நானே கட்டிக்கிறேன். இல்லன்னா நின்னுடும்ல?”

தனேஷ் பரிதாபமாக அப்பாவின் மணிக்கட்டைப் பார்த்தான்.

கார்த்திகேசு கோப்பை மறுபடி திறந்து, ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் நீட்டினார்.

“அப்போ, மாப்பிள்ளைகிட்டத் திருப்பிக் குடுத்துடுவேன்னு ஒரு கையெழுத்து போட்டுடுங்க, சம்பந்தி.”