தாம்பாளத்தோடு திருத்துறைப்பூண்டியில்

திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டில், வெற்றிலை பாக்கும் பழமும் வைத்த தாம்பாளத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். என் கடைசி மகன் ஒரு டீச்சர் பெண்ணை மனதில் வைத்துக்கொண்டு, எனக்குப் பயந்து இரண்டு வருஷமாக வாயைத் திறக்கவில்லை. நாங்கள் மிராசு வீடு; கூலிக்கு நெல் அறுப்பவரின் மகள் அவள். அவனுக்கும் சொல்லாமல் அவளுக்கும் சொல்லாமல், நானே பெண் கேட்கக் கிளம்பிவிட்டேன்.

பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் தெரிந்த பூக்காரியிடம் ஊரைச் சொல்லிக் கேட்கிறேன். அவள் தாம்பாளத்தைப் பார்க்கிறாள்.

"அங்க கூலித் தகராறுல அறுப்பு நிக்குதும்மா. மிராசு வீட்டம்மா வெத்தலை பாக்கோட போனா, அறுப்புக்கு ஆள் கூப்பிட வந்திருக்கீங்கன்னு நெனப்பாங்க. தொட்டா வேலைக்கு ஒத்துக்கிட்ட மாதிரி. யாரு தொடுவா?"

"கல்யாணத்துக்குன்னு சொல்றேன்டி."

"நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள கதவு சாத்திடும்."

வெறுங்கையோடு பெண் கேட்க எங்கள் வீட்டில் யாரும் போனதில்லை. திரும்பிப் போனால் மகன் இப்படியே இருந்துவிடுவான்.

"அப்ப என்னதான் செய்யச் சொல்றே?"

"உள்ள போய் உக்காந்து தண்ணி கேளுங்க. அவங்க சொம்புல குடிங்க. அப்புறம் நீங்க எது சொன்னாலும் கேப்பாங்க."

அந்த மாதிரித் தெருவில் இந்த வயதுவரை ஒரு வாய் தண்ணீர் குடித்தவள் இல்லை நான்.

பஸ் வருகிறது. தாம்பாளத்தை அவளிடமே விட்டுவிட்டு ஏறுகிறேன். தொண்டை இப்போதே வறண்டு கிடக்கிறது.