கீழ்க் கட்டத்தில் மட்டும் இருந்த எண்

பாடசாலையைப் பாதியில் விட்டவளுக்குக் கம்பியூட்டர் முன்னால் நாற்காலி கிடைத்தால் முதலில் பயம்தான் வரும். பதுளையில் தேயிலைக் கொழுந்து வாங்கித் தொழிற்சாலைக்கு அனுப்பும் ஒரு முதலாளியிடம் எனக்குத் தற்காலிக வேலை. கொழுந்து நிறையைக் கணக்கிடும் புரோகிராமை எழுதி ஓட்டிக் காட்டினால் வேலை நிரந்தரம் என்றிருந்தார்.

புரோகிராம் எழுதும் எடிட்டரில் திரை இரண்டாகப் பிரிந்திருக்கும். மேலே நாம் எழுதும் கோப்பு, கீழே ஒரு கட்டம். மேலே ஒரு வரியில் நின்று விசையைத் தட்டினால் அந்த வரி மட்டும் ஓடி, விடை கீழே வந்துவிடும். பயந்தவளுக்கு அதைப் போல ஆறுதல் வேறில்லை. ஒரு வரி எழுதுவேன், ஓட்டிப் பார்ப்பேன். சரியாக வந்தாலும் மறுபடி ஓட்டிப் பார்ப்பேன்.

"என்ன புள்ள, உசுரு இருக்கான்னு தொட்டுத் தொட்டுப் பாக்குறியா?" என்பார் முதலாளியின் தங்கை மகன்.

ஈரத்துக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிப்பது என்பதை முதலாளி காலையில் வானத்தைப் பார்த்துத்தான் சொல்வார். "லுணுகலப் பக்கம் மழ. கூடக் கொஞ்சம் கழி." தினமும் மாறுகிறதே என்று அந்த எண்ணை நான் கோப்பில் எழுதவில்லை. 'கழிவு' என்று பெயர் வைத்துக் கீழ்க் கட்டத்தில் தட்டிவிடுவேன். எடிட்டரை மூடும்வரை அதன் நினைவில் இருக்கும். நானோ பயத்தில் அதை மூடுவதே இல்லை.

தொழிற்சாலையிலிருந்து ஓர் ஐயா புரோகிராமைப் பார்க்க வந்த அன்று என்னைத் தேநீர் ஊற்ற அனுப்பினார்கள். திரும்பி வந்தால், தங்கை மகன் எடிட்டரை மூடித் திறந்து வைத்திருந்தார்.

"புதுசா ஓட்டிக் காட்டு, பாப்போம்."

ஓட்டினேன். 'கழிவு' என்ற பெயரே தெரியாது என்று சிவப்பில் வந்து நின்றது.

"ஒரு வரிதாங்க மொதலாளி. ஒரு நிமிசம் குடுங்க."

"தோட்டத்து லயத்துல இருந்தவள நாற்காலியில ஒக்கார வச்சேன் பாரு, என்னைய சொல்லணும்" என்று சிரித்தார் முதலாளி.

தொழிற்சாலை ஐயாவும் சிரித்தார். என்னை எழுப்பிவிட்டுத் தங்கை மகன் உட்கார்ந்தார். "என்னா வரி, சொல்லு." சொன்னேன். தட்டினார். ஓடியது.

"இப்ப சரி மாமா."

"நீ இருக்கப்ப இவ எதுக்கு? நாளையிலருந்து கீழ தராசுல நில்லு புள்ள. சாக்கு தூக்க வரும்ல?"

மறுநாள் தராசடியில் நின்றேன். கொழுந்து கொண்டுவந்த அக்கா ஒருவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "என்னாடி இது, ரத்தத்த உறிஞ்சுற மாதிரி கழிக்கிறீங்க?"

"அடுத்த சாக்க வைங்கக்கா" என்றேன்.